கை தானாக ஓங்கியதா?

"அடிக்கணும்னு நினைக்கவே இல்லைக்கா, கை தானா ஓங்கிடுச்சு. எங்கப்பாகிட்டேருந்து வந்த கோபம், நான் என்ன செய்ய?" என்று கண் கலங்கினாள் பக்கத்து வீட்டுப் பெண். பாலைக் கொட்டிய அவளுடைய நாலு வயதுப் பயலும் அதையேதான் சொன்னானாம்: "கை தானா தட்டிடுச்சு!"

பயலை விட்டுவிடலாம். ஏழு வயது நிறையாத குழந்தை செய்வது குற்றமாகாது என்று 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டமே சொன்னது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதுச் சட்டமும் அதை மாற்றவில்லை. அம்மாவுக்கு அந்தச் சலுகை கிடையாதே!

அவள் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் லிபெட், இஷ்டப்பட்டபோது கையை அசைக்கும்படி சிலரிடம் சொல்லி, அவர்கள் மூளையைக் கவனித்தார். 'அசைக்கலாம்' என்று அவர்களுக்குத் தோன்றுவதற்குச் சுமார் மூன்றில் ஒரு விநாடி முன்பே மூளை ஆயத்தமாகிவிட்டதாம்! 1983-ல் வெளியான இந்த முடிவைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் லிபெட்டே இன்னொன்றும் சொன்னார். தோன்றுவதற்கும் கை அசைவதற்கும் நடுவே ஐந்தில் ஒரு விநாடி இருக்கிறது. அதற்குள் 'வேண்டாம்' என்று நிறுத்திவிடலாம்.

ரொம்பக் கொஞ்ச நேரம்தான். அதனால்தான் அவளிடம் சொன்னேன்: "கோபம் ஏறுதுன்னு தெரிஞ்சதுமே கரண்டியைக் கீழே வச்சுட்டு வாசலுக்கு வந்துடு. கை ஓங்கற வரைக்கும் காத்திருக்காதே."

இன்னொன்றும் கேட்டேன். "போன வாரம் உன் மாமியார் காபியைக் கொட்டினப்போ கை தானா ஓங்கலையே, ஏன்?"

அழுகையினூடே சிரித்துவிட்டாள். பயலுக்கு மறுபடி பால் காய்ச்ச எழுந்து போனாள்.