பல் டாக்டரின் மனப்பாரம்

சித்தூரிலும் திருப்பதியிலும் பல் ஆஸ்பத்திரிப் பலகை இல்லாத பெரிய கடைத்தெரு இன்று அரிது. அந்தப் பலகைகளுக்குப் பின்னால் நம்மவர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கி, மனைவியின் நகையை அடகு வைத்து, மகனையோ மகளையோ பி.டி.எஸ். படிக்க வைத்த குமாஸ்தாக்கள் பலர். நான்கு ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. அதன் பிறகு கிளினிக் வைக்க நாற்காலி, எக்ஸ்ரே, கம்ப்ரசர், கட்டட முன்பணம் என்று மறுபடியும் கடன்.

அந்த நாற்காலியருகே நடப்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. உள்ளங்கை அகலம்கூட இல்லாத வாய்க்குள், மயிரிழை பிசகாமல், கழுத்தை வளைத்து மணிக்கணக்கில் வேலை. வருகிறவர் வலியோடும் பயத்தோடும் வருகிறார். கட்டணம் கேட்டதும் முகம் சுளிக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் பக்கத்து அறையில் ஒரு சக டாக்டராவது இருப்பார். தனிக் கிளினிக்கில் மனம்விட்டுப் பேச ஆளில்லை. பல் மருத்துவர்களிடையே மன உளைச்சலும் சோர்வும் மிகுதி என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருப்பதில் வியப்பில்லை.

வீட்டாரின் பேச்சு வேறு. "எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் பல்லுக்குப் போனான்" என்று கல்யாண வீட்டில் சொல்லுகிறோம், அவன் அடுத்த பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். (நமக்குப் பல் வலித்தால் மட்டும் அவனே இலவசமாகப் பார்க்க வேண்டும்!)

2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு விசாரித்தபோது, பதில் அளித்த இளநிலை மருத்துவ மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலக் கோளாறு உண்டென்று தெரிவித்தனர். பல் மருத்துவம் அந்த ஆணையத்தின் கீழ் வராததால், இந்தப் பிள்ளைகள் அக்கணக்கில் இல்லை.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த மாணவி ஒருவரின் மரணம் பற்றிய வழக்கில், 2025 ஜூலை 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஓர் உத்தரவு பிறப்பித்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இது இவ்வட்டாரப் பல் மருத்துவக் கல்லூரிகளில் நடைமுறையில் இருக்கிறதா என்று இரு மாவட்டக் கலெக்டர்களும் நேரில் விசாரிப்பது அவசியம். பெயருக்கு ஒருவரை நியமித்தால் போதாது. அவரிடம் மாணவர் சொன்னது, செய்முறைத் தேர்வில் மார்க் போடும் ஆசிரியர் காதுக்குப் போகக்கூடாது. போகும் என்ற சந்தேகம் இருந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியுள்ளவர்களுக்காகத் தமிழ் தெரிந்தவராகவும் இருப்பது நலம்.

மனநல டாக்டர் என்றாலே நமக்குக் கீழ்ப்பாக்கம் நினைவு வந்து கேலி பிறக்கிறது. சித்தூருக்கு அருகிலேயே, வேலூர் பாகாயத்தில், சி.எம்.சி.யின் மனநல மையம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஜுரத்துக்குப் போவதுபோல அங்கே போகலாம். அதற்கும் தயங்குகிறவர்களுக்கு, 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். இந்த எண்ணைக் கல்லூரி விடுதிகளிலும் நம் தமிழ்ச் சங்கக் கட்டடங்களிலும் பெரிதாக எழுதி வைக்க நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டும்.