காடு மூடினால் காணி யாருக்கு?

டித்வா புயல் கரை தொட்டது 2025 நவம்பர் 28 இல். இரண்டு நாள் கழித்து மாவிலாற்றுக் கட்டு உடைந்தது. 2006 இல் இதே மாவிலாற்றின் கதவை மூடியதில்தான் கடைசி யுத்தம் தொடங்கியது என்பதை இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை என்று விமானம் வந்து குண்டு போட்டது. இந்தத் தடவை கேட்காத தண்ணீர் வாசலுக்கே வந்தது, ஆட்களைத் தூக்க ஹெலிகொப்டர் வந்தது.

தண்ணீர் வடிந்ததும் ஒரு புதிய ஞானம் பிறந்திருக்கிறது. வெள்ளம் ஏறுகிற இடத்தில் ஏன் குடியிருக்கிறீர்கள், விட்டுவிட்டு மேட்டுக்கு வாருங்கள், ஆற்றங்கரையை இயற்கை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். வீட்டை முற்றாக இழந்தவருக்கு 50 இலட்சம் ரூபாய், காணியும் போனவருக்குக் காணி வாங்க இன்னொரு 50 இலட்சம் வரை என்று அரசு அறிவித்ததும் இந்தக் குரல்களுக்குத் தெம்பு வந்துவிட்டது. மண்சரிவில் ஊரே புதைந்த மலையகத்துக்கு அது நியாயமான ஏற்பாடு. அதே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வெருகலுக்கும் மூதூருக்கும் வருவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் கேட்கிற காட்சி இங்கே ஏற்கனவே இருக்கிறது. வெருகல் ஆற்றை அண்டிய ஒரு வீட்டுத்திட்டத்தின் கடைசி வரிசையைப் போய்ப் பார்த்தேன். 2011 ஜனவரி வெள்ளத்துக்குத் தாக்குப்பிடித்தவர்கள், 2014 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கதவு யன்னலைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குசினிக்குள் எருக்கு ஆள் உயரம் நிற்கிறது. சுவரில் மூன்று சேற்றுக்கோடுகள். மேலே உள்ளது பார்க்க யாரும் இல்லாதபோது வந்தது. கிணற்றுக்குள் ஒரு ஆமை. பின்வளவுத் தென்னையை யானை சாய்த்து, குருத்தைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கூட வந்தவர் அழகைப் பார்க்கவில்லை. “பேமிட் காணி சேர். பத்து வருசம் விட்டா காடுதானே. காடெண்டா அது ஆருக்கு?” என்று கேட்டார்.

விடை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சம்பூர்ச் சனம் 2006 இல் ஊரை விட்டு ஓடியது. பற்றை மூடிய காணியைத் திரும்பக் கேட்டபோது அது உயர் பாதுகாப்பு வலயமாகியிருந்தது, பிறகு முதலீட்டு வலயம், அனல் மின் நிலையத்துக்கான இடம். 818 ஏக்கரை விடுவிக்க 2015 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வடக்குக் கிழக்கு முழுவதும் யுத்தத்தில் விட்டுப்போன வயலும் தோட்டமும் மரம் வளர்ந்ததும் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்குள் போன கதை தனி. சூரிய மின்சாரத் திட்டத்துக்காக வயல் பறிபோன முத்துநகர் விவசாயிகள் 2025 இல் மாவட்டச் செயலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இந்த மாவட்டத்தில் வெறுங்காணி ஒருநாளும் வெறுங்காணியாகக் கிடந்ததில்லை.

நான் எப்போதும் தனுஷ்கோடியைத்தான் சொல்வேன். கேட்டுச் சலித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். 1964 டிசம்பர் 22. எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் பிள்ளை பிறந்த வருசத்தைச் சொல்ல எடுக்கிற ‘அறுபத்திநாலாம் ஆண்டுச் சூறாவளி’. திருகோணமலையை அடித்துப்போட்டுவிட்டு அந்தப் புயல் அன்றிரவே தனுஷ்கோடிக்குப் போனது. பயணிகளோடு வந்த ரயிலைக் கடல் கொண்டுபோனது. நாங்கள் கிடுகு பின்னிக் கூரை போட்டு இங்கேயே இருந்தோம். அங்கே அரசாங்கம் அந்த ஊரை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. தேவாலயச் சுவர் நின்றது, ரயில் நிலையச் சுவர் நின்றது, மிச்சத்தை மணல் மூடியது. ஆனால் மீனவர் முழுதாகப் போய்விடவில்லை, மீன் அங்கேதானே இருக்கிறது. பல பத்தாண்டுகளாக ஓலைக் குடிசையில், கம்பி மின்சாரம் இல்லாமல், வாழத் தகுதியற்ற ஊரில் வாழ்ந்தார்கள். 2017 இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. யாருக்கு? வாகனத்தில் வந்து படம் எடுத்துப் போகிறவர்களுக்கு. குடியிருக்க உதவாத மணல் சுற்றுலாவுக்கு உதவியது. வெருகல் முகத்துவாரத்தில் நாளைக்கு ஒரு ‘சூழல் விடுதி’ எழும்பாது என்று யார் எழுதித் தருவார்கள்?

மறுதரப்பார் டெக்சாஸைக் காட்டுவார்கள். பேடவுன் நகரத்தின் பிரவுன்வூட் குடியிருப்பு திரும்பத் திரும்ப வெள்ளத்தில் மூழ்கி, 1983 இல் அலீசியா சூறாவளியோடு கைவிடப்பட்டு, இப்போது பறவைகள் வருகிற இயற்கைப் பூங்காவாக இருக்கிறது. நல்ல கதை. அங்கே நிலம் தாழ்ந்துபோனது தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் என்ற பாதியை மட்டும் வாய்க்குள் மென்றுவிடுவார்கள்.

இங்கேயும் அந்தப் பாதியைத்தான் பேச வேண்டும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழையைத் திரட்டிக்கொண்டு கொட்டியாரக் குடாவுக்கும் வெருகலுக்கும் வருகிறது. விக்டோரியா, ரந்தெனிகல, மொறகஹகந்த அணைகள் எல்லாம் மேலே. கோடையில் கதவு மூடியிருக்கும், மாரியில் திறக்கும். அணைகள் இல்லாவிட்டால் வெள்ளம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்று பொறியியலாளர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்கள் வீட்டுச் சுவரில் கோடு இல்லை. ஆற்றுக்குப் பரந்து படுக்க இடம் வேண்டும் என்பார்கள் சூழலியலாளர்கள். அந்த இடத்துக்குப் பெயர் வில்லு. சோமாவதிப் பக்கம் தேசியப் பூங்காவுக்குள் வேண்டிய மட்டும் கிடக்கிறது. அங்கே படுக்காத ஆறு, வெருகலில் நான்கு வளவைக் காலிசெய்ததும் படுத்துவிடுமா?

1986 ஏப்ரல் 20 அன்று விடியமுன்னம் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. ஊரைக் காட்டுக்கு விடச் சொல்லி அன்று யாரும் கட்டுரை எழுதவில்லை. குளக்கட்டைத் திரும்பக் கட்டினார்கள், கந்தளாய் இன்றைக்கும் வெள்ளாமை செய்கிறது. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டத் தடைசெய்த கரையோர வலயம் தெற்குக்கு 100 மீற்றர், எங்களுக்கு 200 மீற்றர். கடலுக்குக்கூட மாகாணம் பார்த்து அளவு போட்டவர்கள் ஆற்றுக்கு மட்டும் நேர்மையாகக் கோடு கீறுவார்கள் என்று நம்ப நான் தயாரில்லை. இயற்கையின் பெயரால் நடக்கப்போவதும் இன்னொரு காணி பிடிப்புத்தான்.

ஆகவே வெருகலில் ஒரு குடும்பத்தை நகர்த்த முன்னம் இரண்டு கடதாசி வேண்டும். ஒன்று, புதிய மேட்டுக்காணிக்கு உறுதி, அனுமதிப்பத்திரம் போதாது. மற்றது, விட்டுப்போகிற காணி எந்தத் திணைக்களத்துக்கும் போகாது, கோடையில் சோளமும் கச்சானும் போட அதே குடும்பத்துக்கே உரியது என்று சொல்லும் வர்த்தமானி. அந்த இரண்டும் கைக்கு வரும்வரை, பிரதேச செயலகத்திலிருந்து யார் எந்தப் படிவத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.