நம் கையில் இருப்பது எது?

நண்பருக்கு ஒரு செய்தி அனுப்புகிறோம். அவர் அதைப் படித்துவிட்டதற்கான அடையாளம் கைப்பேசித் திரையில் தெரிகிறது; பதில் மட்டும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழிகிறது. ‘என்மீது கோபமா? என்னை ஒதுக்குகிறாரா?’ என்று மனம் கதை கட்டத் தொடங்குகிறது. இரவில் தூக்கமும் கெடுகிறது. உண்மையில் நடந்தது ஒன்றுதான்: பதில் வரவில்லை. மற்றவை எல்லாம் நாமே சேர்த்துக்கொண்டவை.

நிகழ்வு வேறு, அதைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணம் வேறு. இந்தத் தெளிவை ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பு தோன்றிய ஸ்டோயிக் தத்துவம் வலியுறுத்தியது. இது பழங்கால அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. இன்றைய மாணவர்களுக்கும் மிகவும் பயன்படக்கூடியது என்பதே என் கருத்து.

சைப்பிரஸ் தீவைச் சேர்ந்த ஸீனோ என்பவர் கி.மு. 300ஆம் ஆண்டளவில் கிரேக்க நகரமான ஏதென்ஸில் இத்தத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். அவர் பாடம் சொன்ன இடம் ஓவியங்களால் அழகுபடுத்தப்பட்ட ஒரு தூண் மண்டபம். அத்தகைய மண்டபத்தைக் கிரேக்க மொழியில் ‘ஸ்டோவா’ என்பர். தத்துவத்தின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. அறிவுடைமை, நீதி, துணிவு, தன்னடக்கம் ஆகிய நான்கு பண்புகளே நல்வாழ்வுக்கு அடிப்படை என்று ஸ்டோயிக் அறிஞர்கள் கருதினர்.

பிற்காலத்தில் உரோமப் பேரரசில் இத்தத்துவத்தைப் பின்பற்றியவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். எபிக்டெட்டஸ் அடிமையாக வாழ்ந்து, விடுதலை பெற்று, பின்னர் ஆசிரியரானவர். நம் எண்ணமும் விருப்பமும் முயற்சியும் நம் கையில் உள்ளவை. உடல்நலம், செல்வம், பிறர் தரும் மதிப்பு ஆகியவை முழுமையாக நம் கையில் இல்லாதவை என்று அவர் பிரித்துக் காட்டினார். மற்றொருவரான மார்கஸ் அரேலியஸ், கி.பி. 161 முதல் 180 வரை ஆட்சி செய்த பேரரசர். அவருடைய காலத்தில் கொள்ளைநோய் பரவியது. எல்லையில் போர் நீண்டது. அந்நிலையிலும் தம் மனத்தைச் சீர்படுத்திக்கொள்ளத் தமக்குத் தாமே குறிப்புகள் எழுதினார். அடிமையாக இருந்தவருக்கும் அரியணையில் இருந்தவருக்கும் ஒரே பாடம் தேவைப்பட்டது!

அப்படியானால், ‘தேர்வு முடிவு என் கையில் இல்லை, நான் ஏன் படிக்க வேண்டும்?’ என்று சிலர் கேட்கலாம். இதற்கு ஸ்டோயிக் அறிஞர்கள் வில்லாளியை எடுத்துக்காட்டாகக் கூறினர். நேராக நிற்பது, குறி பார்ப்பது, நாணை இழுப்பது ஆகியவை வில்லாளியின் கையில் உள்ளன. அம்பு புறப்பட்ட பின்னர் காற்று வீசினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக எந்த வில்லாளியும் குறி பார்க்காமல் எய்வதில்லை. தேர்வும் அப்படித்தான். எந்த வினா வரும் என்பது நம் கையில் இல்லை. இன்று மாலை புத்தகத்தைத் திறப்பது நம் கையில் உள்ளது.

இன்னொரு தவறான புரிதல் இதைவிட ஆபத்தானது. ஒரு மாணவர் பகடிவதைக்கு ஆளாகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘எல்லாம் உன் மனத்தில்தான் இருக்கிறது, கண்டுகொள்ளாதே’ என்று அவரிடம் சொல்வது ஸ்டோயிக் தத்துவம் ஆகாது. நீதியும் துணிவும் அத்தத்துவத்தின் தூண்கள் அல்லவா? கேலி செய்பவரின் வாய் அந்த மாணவரின் கையில் இல்லை. ஆனால், ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்வது அவர் கையில் உள்ளது. பார்த்துக்கொண்டிருக்கும் நாம் அவருக்குத் துணை நிற்பது நம் கையில் உள்ளது. இந்த அளவுகோல் நம்மை நாமே அளந்துகொள்வதற்கு உரியது. பிறர் வாயை அடைப்பதற்கு உரியதன்று.

இத்தத்துவத்தில் குறையே இல்லை என்று நான் கூறவில்லை. மனிதர் அனைவரும் பகுத்தறிவால் உறவினர் என்று போதித்த ஸ்டோயிக் அறிஞர்கள், தங்கள் கண்முன் இருந்த அடிமை முறையை ஒழிக்க முற்படவில்லை. மனத்தை மட்டும் மாற்றிக்கொண்டு நின்றுவிட்டால், மாற்ற வேண்டிய உலகம் அப்படியே இருந்துவிடும். இந்தக் குறையையும் நாம் ஒரு பாடமாகவே கொள்ள வேண்டும்.

உரோம அறிஞர் செனெகா, இரவில் உறங்கும் முன் அன்றைய நாளில் தாம் செய்தவற்றையும் பேசியவற்றையும் எண்ணிப் பார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். நாமும் இதைச் செய்து பார்க்கலாம். இன்று எதற்காக வருந்தினோம்? அது நம் கையில் இருந்ததா? இருந்தது என்றால், நாளை என்ன செய்யப் போகிறோம்? இதற்குப் பணம் தேவையில்லை. ஐந்து நிமிடம் போதும்.

நண்பரின் பதில் நம் கையில் இல்லை. அவருடைய வீட்டில் என்ன கவலையோ, நமக்குத் தெரியாது. ஆனால், நாளை அவரைப் பள்ளியில் கண்டதும், ‘நலமா?’ என்று முதலில் கேட்பது நம் கையில்தான் இருக்கிறது.