மேடை வேண்டாம், மேசை போதும்

எல் சல்வடோர் நாடாளுமன்றம் 2025 ஜனவரி 29 அன்று தன் பிட்காயின் சட்டத்தைத் திருத்தியது. பிட்காயினை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பதை இனி கடைக்காரரே முடிவு செய்துகொள்ளலாம். அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியை மட்டும் டாலரில்தான் கட்ட வேண்டும். பன்னாட்டு நிதியத்திடம் 140 கோடி டாலர் கடன் வாங்குவதற்கு அந்த நாடு ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் இதுவும் ஒன்று. பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கிய முதல் நாடு என்ற பெருமை மூன்றரை ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அதே நாட்டின் பசிபிக் கரையில் எல் சோன்டே என்றொரு சிற்றூர் இருக்கிறது. மீன்பிடித்தலும் அலைச்சறுக்கு விளையாட வரும் பயணிகளும்தான் அதன் பிழைப்பு. அங்கே பிட்காயின் புழக்கம் 2019இலேயே தொடங்கிவிட்டது. எந்தச் சட்டமும் அதைத் தொடங்கிவைக்கவில்லை என்பதால், சட்டம் பின்வாங்கியபோது அதை நிறுத்த வேண்டிய அவசியமும் எழவில்லை.

பிட்காயினைத் தங்கள் நாட்டில் வேரூன்றச் செய்ய வேண்டும் என்று கிளம்பியிருப்பவர்கள் இன்று ஆப்பிரிக்காவில், தென்னமெரிக்காவில், தென்கிழக்காசியாவில் எங்கும் இருக்கிறார்கள். ஊர்தோறும் சந்திப்புகள் நடக்கின்றன. அவர்கள் எல் சல்வடோரின் இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் நிலைப்பாடு இதுதான்: பிட்காயின் சமூகம் உள்ளூர்ச் சந்திப்பில், கற்றுக்கொடுப்பதையே முதல் வேலையாக வைத்து வளர வேண்டும். அந்தச் சந்திப்புக்குள் விற்பனையாளரையும் விடக்கூடாது, ஆட்சியாளரையும் விடக்கூடாது.

எல் சோன்டேயில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அலைச்சறுக்குக்காக வந்து அந்த ஊரோடு ஒட்டிக்கொண்ட மைக் பீட்டர்சன் என்ற அமெரிக்கர், உள்ளூர் இளைஞர்களுடன் சேர்ந்து ஏற்கெனவே சமூகப் பணிகள் செய்துவந்தார். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் அவர்களுக்குப் பிட்காயினை நன்கொடையாகத் தந்தார். அதை டாலராக்கிச் செலவழிக்கக் கூடாது, ஊருக்குள் பிட்காயினாகவே சுற்ற வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. கடற்கரையைச் சுத்தம் செய்யும் பையன்களுக்குக் கூலி பிட்காயினில் கொடுக்கப்பட்டது. 2020இல் கொரோனா வந்து சுற்றுலா அடியோடு படுத்துவிட்டபோது, வருமானம் இழந்த குடும்பங்களுக்குச் சிறு தொகைகள் அதே வழியில் போய்ச் சேர்ந்தன. ஊரில் வங்கிக் கிளை கிடையாது. நாட்டிலேயே பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கு கிடையாது. கையில் இருந்தது ஃபோன் மட்டும்தான்.

கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் மக்கள் பிட்காயினைச் சம்பாதித்தார்கள். பிறகு அதைச் செலவழிக்க இடம் தேடினார்கள். புபூசா என்ற சோள ரொட்டி சுட்டு விற்பவரும் மளிகைக் கடைக்காரரும் அதற்குப் பிறகுதான் வாங்கத் தொடங்கினார்கள், அதுவும் வாடிக்கையாளர் கையில் அது இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு. வீட்டில் இருந்த சேமிப்பை எடுத்துப் பிட்காயின் வாங்கும்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. விலை விழுந்தால் போவது கூலியின் ஒரு பங்கு. மகளின் கல்யாணப் பணம் போகாது. சில்லறைத் தொகைகளைச் சில நொடிகளில், மிகக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவும் லைட்னிங் என்ற மேலடுக்கு வலையமைப்பு அப்போது பயன்பாட்டுக்கு வந்திருந்ததும் கைகொடுத்தது. அது இல்லாவிட்டால் ஒரு புபூசாவுக்குப் பணம் கட்டிவிட்டு உறுதியாவதற்குப் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். விலை ஏறுமுகத்தில் இருந்த காலம் அது என்பதையும் மறைக்கக் கூடாது. இறங்குமுகத்தில் தொடங்கியிருந்தால் இதே உற்சாகம் இருந்திருக்குமா என்று கேட்பவருக்கு நேர்மையான பதில், சந்தேகம்தான்.

இனி அரசு செய்ததைப் பாருங்கள். அதிபர் நயீப் புகேலே 2021 ஜூனில் அமெரிக்காவின் மயாமியில் நடந்த பிட்காயின் மாநாட்டில், காணொளி வழியாக, ஆங்கிலத்தில் இதை அறிவித்தார். தன் மக்களுக்குச் சொல்வதற்கு முன் வெளிநாட்டுக் கூட்டத்துக்குச் சொன்னார்! சில நாட்களிலேயே, 84 உறுப்பினர் கொண்ட அவையில் 62 பேர் ஆதரவுடன் சட்டம் நிறைவேறியது. அதன் ஏழாவது பிரிவு, பொருள் விற்கும் ஒவ்வொருவரும் பிட்காயினை ஏற்றே ஆக வேண்டும் என்றது. செப்டம்பர் 7 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிவோ என்ற அரசு வாலட் செயலியைத் தரவிறக்கியவர்களுக்கு 30 டாலர் பரிசு என்றார்கள். முதல் நாளே செயலி திணறியது; அதே நாளில் பிட்காயின் விலையும் சரிந்தது. எட்டு நாள் கழித்துத் தலைநகர் சான் சல்வடோரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் சிவோ ஏடிஎம் மையம் ஒன்று கொளுத்தப்பட்டது.

பரிசுப் பணத்தை ஜனங்கள் வாங்கிக்கொண்டார்கள். அதை மறுப்பவர் யார்? ஆனால் 1,800 குடும்பங்களை நேரில் சந்தித்து ஆய்வு செய்த பொருளாதார அறிஞர்கள், செயலியைத் தரவிறக்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 30 டாலரைச் செலவழித்தபின் அதைத் தொடவே இல்லை என்று கண்டார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் அந்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பிட்காயின் அந்தச் செலவைக் குறைத்துவிடும் என்பதுதான் பெரிய வாக்குறுதியாக இருந்தது. 2022இல் அப்படி வந்த பணத்தில் கிரிப்டோ வாலட்கள் வழியாக வந்தது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

இன்னொன்றும் நடந்தது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, அரசின் பிட்காயின் திட்டத்தை வெளிப்படையாக விமர்சித்துவந்த கணினி வல்லுநர் ஒருவரைப் போலீசார் பிடித்துச் சென்று சில மணி நேரம் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். 2022 மார்ச்சில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; அதன் பெயரால் 80,000க்கும் மேற்பட்டோர் கைதாகியிருக்கிறார்கள். யாருடைய அனுமதியும் தேவைப்படாத பணம் என்று பிட்காயினைப் புகழ்கிறவர்களில் பலர் இதே காலத்தில்தான் புகேலேயைக் கொண்டாடினார்கள். அவருடன் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். இந்த இயக்கம் தன் மேல் தானே பூசிக்கொண்ட கரி இது. புதிய நாட்டில் சந்திப்பு தொடங்குகிறவர்கள் அமைச்சரைத் தலைமை தாங்க அழைக்கும் ஆசையை முதல் நாளே விட்டுவிட வேண்டும்.

ஆட்சியாளரைவிட அருகில் நிற்கும் ஆபத்து விற்பனையாளர். தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்வோம். மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் மக்களிடமிருந்து 29,000க்கும் மேற்பட்ட பிட்காயின்களைச் சுருட்டியது என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் வழக்குத் தொடுத்தது. அவற்றின் மதிப்பு 170 கோடி டாலருக்கும் மேல். தானாகவே வர்த்தகம் செய்யும் மென்பொருள் இருக்கிறது, பிட்காயினை எங்களிடம் கொடுத்துவிட்டு மாதாமாதம் லாபம் எடுங்கள், ஆள் சேர்த்தால் போனஸ் என்பதுதான் அங்கே நடந்த வியாபாரம். அந்த நிறுவனம் சரிந்து கிடந்த 2021இல்தான் அதே நாட்டில், மோசல் பே நகரின் கறுப்பினத்தவர் குடியிருப்பில், பிட்காயின் எகாசி என்ற முயற்சி தொடங்கியது. பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு கற்றுத்தரும் பயிற்சியாளர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி பிட்காயினில் வந்தது. அவர்கள் அதைக் குடியிருப்பின் சிறு கடைகளில் செலவழித்தார்கள். இரண்டிலும் பிட்காயின் என்ற பெயர் உண்டு. ஒன்றில் அது மேலே போயிற்று, திரும்பி வரவில்லை. மற்றதில் பக்கத்துக் கடைக்குப் போயிற்று.

இந்த வித்தியாசம் புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. ஓட்டல் ஹாலில் கோட்டு சூட்டு போட்டவர் திரையில் வரைபடம் காட்டுவதும் அவருக்குப் பிட்காயின் கூட்டம்தான். டீக்கடை மேசையில் நாலு பேர் ஃபோனை வைத்துக்கொண்டு பேசுவதும் பிட்காயின் கூட்டம்தான். இந்தியாவிலும், மாதாமாதம் லாபம் தருவதாகச் சொன்ன கெயின்பிட்காயின் திட்டத்தில் பணம் போட்டவர்கள் இதைத் தெரியாமல்தான் போனார்கள். ஆகவே, நல்ல சந்திப்பு எது என்பதற்கு அமைப்பாளர்களே வெளிப்படையாக அடையாளம் வைக்க வேண்டும். அங்கே காயின் விற்கக் கூடாது. பரிந்துரை இணைப்பு அனுப்பிக் கமிஷன் வாங்கக் கூடாது. விலை எங்கே போகும் என்று ஜோசியம் சொல்லக் கூடாது. யார் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று கேட்கக் கூடாது. ஒருவர் ஃபோனை இன்னொருவர் வாங்கி இயக்கக் கூடாது, அவரே கேட்டாலும் சரி.

அப்படியானால் அங்கே என்னதான் செய்வது? ஒரு மாலை நேரம் போதும். புதியவர் வாலட் ஒன்றைத் தரவிறக்குகிறார். திரையில் 12 சொற்கள் வருகின்றன. அவற்றைத் தாளில், வரிசை மாறாமல், தன் கையெழுத்தில் எழுதுகிறார். படம் பிடிப்பதில்லை, வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி வைப்பதுமில்லை. பக்கத்தில் இருப்பவர் ஒரு டீ விலைக்குச் சமமான சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) அனுப்புகிறார். வந்துவிட்டதா என்று பார்த்ததும், அந்தச் செயலியை ஃபோனிலிருந்து அழித்துவிடச் சொல்கிறார்கள். முகம் வெளிறிப்போகும்! மறுபடி தரவிறக்கி அந்த 12 சொற்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினால் காசு அப்படியே இருக்கிறது. பணம் ஃபோனில் இல்லை, நிறுவனத்திடமும் இல்லை, அந்தத் தாளில் இருக்கும் சொற்களிடம்தான் இருக்கிறது என்பது அந்த நிமிடத்தில் புரிகிறது. தாள் தொலைந்தால் மனுப் போட அலுவலகம் கிடையாது என்பதும் சேர்ந்தே புரிகிறது. இதைப் புரிந்துகொண்டவரிடம், உன் காயினை எங்களிடம் கொடு, நாங்கள் பெருக்கித் தருகிறோம் என்று ஒருவன் வந்தால், முதலில் அவர் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

இப்படிப்பட்ட கூடுகைக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பெர்லினின் கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் ரூம் 77 என்ற சிறு மதுக்கடை 2011 முதலே பிட்காயின் வாங்கியது. ஐரோப்பாவின் ஆரம்பகாலப் பிட்காயின் ஆர்வலர்கள் பர்கர் சாப்பிட்டுக்கொண்டு வாதாடிய இடம் அது. நியூயார்க்கில் தொடங்கிய பிட்டெவ்ஸ் கூட்டங்களில் பேச்சாளர் கிடையாது. கேள்வி கேட்டு, பதிலைத் திருப்பிக் கேட்டு நடக்கும் உரையாடல்தான்; அந்த முறை இன்று பல நாட்டு நகரங்களில் பின்பற்றப்படுகிறது. எல் சல்வடோரிலேயே 2021இல் பிறந்த மி ப்ரிமேர் பிட்காயின், பாடப்புத்தகம் எழுதி, வாரந்தோறும் வகுப்பெடுத்துச் சான்றிதழ் தந்தது. அந்தப் பாடநூலை யார் வேண்டுமானாலும் எடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். கென்யாவில் பிட்காயின் தாதா என்ற அமைப்பு பெண்களுக்கென்றே வகுப்பு நடத்துகிறது. ஆண்களே சூழ்ந்து உட்கார்ந்திருக்கும் மேசையில் வந்து உட்காரப் பெண்கள் தயங்குவார்கள் என்பது தெரிந்ததே. ஸ்மார்ட்ஃபோனும் இணையமும் இல்லாதவர் சாதாரணப் பட்டன் ஃபோனில் எண்களைத் தட்டிப் பிட்காயின் அனுப்ப மச்சான்குரா என்ற சேவை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அந்த ஊர் ஜனங்கள் கையில் என்ன ஃபோன் இருக்கிறது என்று கேட்டவர்களால்தான் இது முடிந்தது.

அடிமட்டத்திலிருந்து வந்தது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. எல் சோன்டேயைத் தூக்கி நிறுத்தியது வெளிநாட்டு நன்கொடை; அந்த ஊற்று வற்றினால் சுழற்சி நிற்குமா ஓடுமா என்ற கேள்வி ஒவ்வொரு நகலுக்கும் பொருந்தும். ஊர் உலகப் புகழ் பெற்றதும் வெளிநாட்டவர் நிலம் வாங்க வந்தார்கள். நிலத்தின் விலை உள்ளூர்க்காரருக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. இதற்குப் பிட்காயின் மட்டும் காரணமல்ல. அலையும் சாலையும் சேர்ந்தே இழுத்தன. ஆனாலும், வந்தவர் வசதியாகிவிட்டு இருந்தவர் இடம்பெயர்ந்தால் அதைச் சமூகம் வளர்த்தது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வெளியிலிருந்து வந்து தொடங்குகிறவர், எந்த மாதம் சாவியை உள்ளூர்க்காரரிடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்காரப் போகிறார் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளூர் மொழியில் நடத்த முடியாத சந்திப்பை அவர் தொடங்காமலிருப்பதே மேல்.

நம் நாட்டில் எல் சோன்டேயை அப்படியே பதியம் போட முடியாது. கிரிப்டோ வர்த்தகத்துக்குத் துணைபோகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018இல் வங்கிகளுக்குப் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் நீக்கியது. ஆனால் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றதன் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. சடோஷி கொடுத்து டீ குடித்தாலும் சட்டத்தின் கண்ணில் அது சொத்துக் கைமாற்றம். வந்த விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். எந்த டீக்கடைக்காரரும் இதற்கு இறங்கமாட்டார்.

ஆகவே இங்கே நடக்கும் சந்திப்புகள் இப்போதைக்குப் பள்ளிக்கூடமாக மட்டுமே இருக்க முடியும், அதற்கான தேவையும் கண்ணெதிரே இருக்கிறது. வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளம் 2024 ஜூலையில் கொள்ளை போனபோது, தளத்தை நம்பி அங்கேயே காயினை விட்டு வைத்திருந்தவர்கள் கணக்கு முடங்கி நின்றார்கள். அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில்தான் கிரிப்டோவும் சொத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. 12 சொற்களைத் தாளில் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த நீதிமன்றப் படி தேவைப்பட்டிருக்காது.

காவல்துறைக்கும் நிதியமைச்சகத்துக்கும் நாம் வைக்கும் கோரிக்கை தனித்தனி. லாபம் தருவதாகச் சொல்லிக் காயின் வசூலிப்பவர்களைப் பிடிக்க, தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதியற்ற டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இருக்கிறது. ஹாலில் கூட்டம் கூட்டும்போதே இவற்றைப் பயன்படுத்த வேண்டும், பணம் பறிபோன பிறகு புகார் மேளா நடத்துவதில் பயனில்லை. கற்றுக்கொள்ளக் கூடுகிறவர்களை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துச் சந்தேகிப்பதையும் போலீசார் நிறுத்த வேண்டும். நிதியமைச்சகம் அடுத்த பட்ஜெட்டிலேயே, ஆண்டுக்கு ஒரு சிறிய வரம்பு வரை பொருள் வாங்கச் செலவிடும் பிட்காயினுக்கு ஆதாய வரியிலிருந்தும் கணக்கெழுதும் கட்டாயத்திலிருந்தும் விலக்கு தர வேண்டும். வரம்பு ஒரு குடும்பத்தின் மாத மளிகைச் செலவைத் தாண்டாமல் இருந்தாலும் போதும்.