அலுவலக அறிக்கை: வடிவம் அற்ப விடயமா?

உருவமா உள்ளடக்கமா என்ற வாதத்தில் நமது இலக்கிய விமர்சகர்கள் நெடுங்காலம் ஈடுபட்டு வந்துள்ளனர். ஆயின், ஒரு திணைக்களத்தினுள் உத்தியோகத்தர் ஒருவர் தம் மேலதிகாரிக்கு எழுதும் இரண்டு பக்க உள்ளக அறிக்கையைப் பற்றி அவ்வினா எழுப்பப்படுவதேயில்லை. 'நமக்குள் எழுதிக்கொள்வதுதானே, எப்படி இருந்தாலென்ன?' என்பர் ஒரு சாரார். பந்தி இலக்கமும் 'மேற்படி விடயம் தொடர்பாக' என்ற முகமனும் இல்லையேல் அது அறிக்கையே அன்று என்பர் மறு சாரார். இரு சாராரும் இழைக்கும் தவறு ஒன்றே: வடிவத்தை வெறும் அலங்காரமாகக் கருதுகின்றனர்.

வடிவம் என்பது எது முதலில் வாசிக்கப்படும், எது வாசிக்கப்படாமலே போகும் என்பதைத் தீர்மானிக்கும் ஒழுங்காகும். 1940 ஓகஸ்ட் 9ஆம் திகதி, உலக யுத்தத்தின் நடுவே, பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் 'சுருக்கம்' என்ற தலைப்பில் ஒரு குறிப்பை அனுப்பினார். முக்கிய விடயங்கள் சிறு பந்திகளில் அமைதல் வேண்டும், விரிவான ஆய்வும் புள்ளிவிபரமும் பின்னிணைப்பிற் சேர்தல் வேண்டும், பொருளற்ற அலுவலகத் தொடர்கள் ஒழிதல் வேண்டும் என்பனவே அதன் சாரம். அவரது ஏகாதிபத்திய அரசியலை நாம் ஏற்கவேண்டியதில்லை. எனினும் இவ்விடயத்தில் அவர் கூறியது சரியே.

வடிவம் பிழைப்பின் விளைவு யாது? 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் புறப்படுகையில் அதன் இடது இறக்கையை நுரைப்பொருட் துண்டொன்று தாக்கியது. பொறியியலாளர் தம் மதிப்பீட்டைப் பவர்பொயின்ற் தாள்களில் அளித்தனர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு ஆறுதல் தருவதாயிருந்தது. மோதிய துண்டின் கனவளவு 1,920 கன அங்குலம், பரிசோதிக்கப்பட்டதோ வெறும் 3 கன அங்குலம் என்ற செய்தி அத்தாளின் அடியில், உபதலைப்புகளுக்குக் கீழ் ஒடுங்கிக் கிடந்தது. பெப்ரவரி 1ஆம் திகதி எழுவர் மாண்டனர். அத்தாளை வாசிக்கும் உயரதிகாரி, உயிராபத்து ஒன்று பேசப்படுவதை உணராது போதல் இயல்பே என விசாரணைச் சபை பின்னர் குறிப்பிட்டது. உண்மை மறைக்கப்படவில்லை; அடுக்கப்பட்ட முறையால் அது காணாமற் போயிற்று.

'தெளிவாக எழுதினாலும் மேலிடம் கேட்பதில்லையே' எனச் சிலர் வாதிக்கலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. 1985 யூலை 31ஆம் திகதி பொறியியலாளர் றொஜர் போஜொலி, சலஞ்சர் விண்ணோடத்தின் இணைப்பு வளையங்கள் பற்றித் தம் நிறுவனத்துக்கு உள்ளகக் குறிப்பு எழுதினார். நோக்கத்தை முதல் வாக்கியத்திலேயே கூறினார். உயிரிழப்பு நேரலாம் என வெளிப்படையாக எச்சரித்தார். இருந்தும் 1986 ஜனவரி 28ஆம் திகதி சலஞ்சர் வெடித்துச் சிதறி எழுவர் இறந்தனர். ஆயினும், 'எமக்குத் தெரியாது' என எவரும் தப்பிக்கொள்ள அக்குறிப்பு இடமளிக்கவில்லை. தெளிந்த அறிக்கை அதிகாரத்தைத் திருத்தாமற் போகலாம்; அதன் பொறுப்பை ஏட்டில் நிலைநிறுத்தும். மங்கலான அறிக்கையோ அதிகாரத்துக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கும்.

நாளை நிருவாகப் பதவிகளை நாடிச் செல்லவிருக்கும் கலைப்பீட மாணவர்களாகிய நாம், முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் மட்டுமே கருத்தை வெளியிடும் பரீட்சைப் பழக்கத்தையும் உடன் கொண்டு செல்கிறோம். இதனைக் கைவிடல் வேண்டும். நிகழ்ந்தது யாது, செய்யவேண்டியது யாது என்பன முதற் பந்தியிலே வருக. 'கணிசமான' என்ற சொல் நிற்குமிடத்தில் எண் நிற்க. எழுதியவர் பெயரும் திகதியும் தவறாது இடம்பெறுக. தலைப்பு, கண்ட முடிவையே கூறுக. இவை அலங்காரங்கள் அல்ல. கீழ்நிலை உத்தியோகத்தரின் குரல் மேலே சென்றடைவதற்கான குறைந்தபட்ச உரிமைகளாகும்.