மொழியியல் படிக்கப் புறப்படும் பிள்ளையை மறிக்காதீர்!

"மொழியியலா? அதைப் படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாய்?"

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பயிலும் பிள்ளை, மேற்படிப்புக்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கப் போவதாக வாய் திறந்ததும் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி இது. கேட்பவர் தீயவர் அல்லர். பிள்ளையின் நலம் நாடுபவரே. ஆயினும் தமிழ்மொழி விழாக்களில் முன்வரிசையில் அமர்ந்து, "தமிழ் உலகின் மூத்த மொழிகளுள் ஒன்று" என்பதைக் கேட்டுக் கைதட்டுபவரும் அவரே. மொழியின் பெருமையைப் பேசினால் கைதட்டுகிறோம். அம்மொழி எவ்வாறு இயங்குகிறது என்று ஆராயப் போகிறேன் என்றால் வாசலில் நின்று மறிக்கிறோம். இம்முரணைப் பற்றிப் பெற்றோரிடமும் என் சக ஆசிரியர்களிடமும் சில சொல்ல விழைகிறேன். சற்றுக் கடுமையாக இருக்கலாம், பொறுத்தருள்க.

நாம் வழக்கமாகச் சொல்லும் சாக்குகள் நான்கு. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

சாக்கு ஒன்று: "தமிழ் படிக்க வெள்ளைக்காரன் ஊருக்கா போக வேண்டும்?"

நையாண்டி நன்று, வரலாறுதான் தெரியவில்லை. இன்று நாம் பெருமையுடன் சுட்டும் தமிழ் மொழியாய்வாளர் பலர் கடல் கடந்து பயின்றவர்கள். ஈழத்துப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1930-களில் இலண்டன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, ஏழாம் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஆ. வேலுப்பிள்ளை ஆக்ஸ்ஃபோர்டில் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்தார். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கிய வ. அய். சுப்பிரமணியம் 1950-களில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். அதே பல்கலைக்கழகத்தில் 1963-இல் மொழியியலில் முனைவரானவர் ஏ. கே. ராமானுஜன். சங்கப் பாடல்களை ஆங்கில உலகம் வியந்து படிக்கச் செய்தவர் ஒரு மொழியியல் மாணவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? இ. அண்ணாமலை 1969-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பின்னர் மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் இயக்குநரானார்.

அயல்நாடு என்றால் மேற்கு மட்டுமன்று. யாழ்ப்பாணத்து சு. சுசீந்திரராசா பாக்கு நீரிணையைக் கடந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் எது? தம் சொந்த ஊரின் யாழ்ப்பாணத் தமிழ்! எம். ஏ. நுஃமானும் அங்கேயே மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் எழுதிய 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' இன்றும் ஆசிரியர்களின் கைந்நூல். இவர்கள் தமிழைத் தேடி அயல்நாடு செல்லவில்லை. தமிழ் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதை ஆராயும் முறையைக் கற்கவே சென்றார்கள்.

சாக்கு இரண்டு: "பேச்சுத் தமிழில் ஆராய என்ன இருக்கிறது? அது கொச்சை!"

இதைச் சொல்பவர்களில் ஆசிரியர்களே மிகுதி என்பதால் இங்கு சற்று நிற்கிறேன்.

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், அதன் ஆசிரியர் உலக வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே ஆராய்ந்தார் என்கிறது. நூலின் பிறப்பியலோ ஒவ்வோர் ஒலியும் வாயின் எவ்விடத்தில், நாவின் எம்முயற்சியால் பிறக்கிறது என்று விளக்குகிறது. இன்றைய ஒலியியல் வகுப்பின் முதற் பாடமும் இதுவே. தொல்காப்பியத்தைப் போற்றிக்கொண்டே மொழியியலை இகழ்வது, தாத்தாவின் படத்திற்கு மாலை இட்டுவிட்டுப் பேரனுக்குச் சோறு மறுப்பது போன்றது.

நம் ஆங் மோ கியோவில் வளரும் பிள்ளையின் காதில் எத்தனை மொழிகள் விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஊரின் பெயரே ஒரு மொழியியல் கேள்வி. ஹொக்கியன் மொழியில் 'ஆங் மோ' என்பது செம்முடியன், அதாவது ஐரோப்பியன். 'கியோ' என்பது பாலமா, கத்தரிக்காயா? அம்மொழியில் 'ஆங் மோ கியோ' என்றால் தக்காளி என்போரும் உளர். பாலம் என்று கொள்வோரும் உளர். அப்பெயரை நாம் தமிழ் எழுத்தில் எழுதும்போது எவ்வொலி தங்குகிறது, எது மாறுகிறது? நாள்தோறும் இரயில் நிலையப் பலகையைக் கடக்கும் பிள்ளை கேட்கத்தக்க கேள்வி இது.

இன்னொன்று. தமிழில் கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. அவரை விலக்கினால் 'நாங்கள்'. மலாயிலும் 'கீத்தா', 'காமி' என்று அதே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இல்லை. வீட்டிலும் ஆங்கிலமே பேசி வளரும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளை 'நாம்', 'நாங்கள்' வேறுபாட்டைக் காக்கிறதா, இழக்கிறதா? கட்டுரையில் பிழையைக் கண்டதும் சிவப்பு மையால் சுழித்து அரை மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். அப்பிழையில் ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

மூன்றாவது. பிள்ளைகள் "ஃபோன் பண்ணினான்", "சப்மிட் பண்ணிட்டேன்" என்கிறார்கள். கடந்த காலத்தைச் சொல்லும்போதும் "சப்மிட்டட் பண்ணிட்டேன்" என்று எவரும் சொல்வதில்லை. ஆங்கில வினையின் அடிச்சொல் மட்டும் வருகிறது. காலமும் இடமும் தமிழ்ப் 'பண்ணு' வினையில் ஏறுகின்றன. எவரும் கற்பிக்காத விதி இது. கலப்பு வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வகுப்பில் நானும் திருத்தவே செய்கிறேன். கலப்பிலும் இலக்கணம் உண்டு என்பதைக் கண்டறிவது அறிவு என்கிறேன்.

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தனித்தனியே இயங்கும் நிலையை விளக்கி அமெரிக்க மொழியியலார் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959-இல் ஒரு கட்டுரை எழுதினார். அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெயிட்டியின் கிரியோல் ஆகியவையே அவருடைய நான்கு முதன்மை எடுத்துக்காட்டுகள். இக்கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்தி விரிவான நூலை 1986-இல் வெளியிட்டவர் பிரான்சிஸ் பிரிட்டோ. பேச்சுத் தமிழுக்கு முழுமையான ஆங்கில இலக்கண நூலை 1999-இல் எழுதியவரோ ஹெரால்ட் ஷிஃப்மன் என்ற அமெரிக்கர். சிங்கப்பூர்த் தமிழின் நிலையைப் பற்றியும் அவர் ஆராய்ந்து எழுதினார். இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் வனிதாமணி சரவணன், சீதாலட்சுமி போன்றோர் இத்துறையில் உழைத்துள்ளனர். 2005-இல் நம் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்ததற்கு இத்தகைய ஆய்வுகளே அடித்தளம். 'கொச்சை' என்று ஒதுக்கியிருந்தால் அப்பரிந்துரை பிறந்திருக்குமா?

சாக்கு மூன்று: "செலவு தாங்காது."

அறியாமையால் பிள்ளைகள் மிகுதியும் இழப்பது இங்கேதான். "அமெரிக்கா போனால் வீட்டை விற்க வேண்டும்" என்று கோப்பிக்கடையில் கேட்ட கதையை நம்பிப் பிள்ளையின் விண்ணப்பத்தை முடக்குகிறோம். உண்மை நிலை இது: முதுகலையும் முனைவர் பட்டமும் வேறு. அமெரிக்காவில் முதுகலைக்குப் பெரும்பாலும் கைப்பணம் வேண்டும். மொழியியலில் முனைவர் பட்டத்திற்கு இடம் தரும் பல்கலைக்கழகம் பொதுவாகக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தல் உதவி அல்லது ஆய்வுப் பணிக்கு ஈடாக உதவித்தொகையும் தருகிறது. முதுகலை இன்றியே இளங்கலைப் பட்டத்துடன் முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்கவும் அங்கே இயலும். பிரிட்டனில் முதுகலை ஓராண்டே. ஆனால் அயல்நாட்டு மாணவர் கட்டணம் மிகுதி. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை அல்லது மிகக் குறைவு. நெதர்லாந்து, நார்டிக் நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர் பலர் சம்பளம் பெறும் பணியாளர்.

இடர்களை மறைக்க விரும்பவில்லை. 2025-இல் ஆய்வு நிதி வெட்டப்பட்டதால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, முனைவர் பட்ட இடங்களைக் குறைத்தன. ஒரே நாட்டை நம்பியிருத்தல் தகாது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் உண்டு; அவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆனால் கணக்குப் பார்த்து முடிவெடுப்பது வேறு, கணக்கே பாராமல் "முடியாது" என்பது வேறு.

சாக்கு நான்கு: "வேலை கிடைக்காது."

பேராசிரியர் பதவிகள் குறைவு என்பது உண்மை. பிள்ளையிடம் அதை மறைக்கக்கூடாது. ஆனால் மொழியியல் பயின்றவர் பேராசிரியராக மட்டுமே ஆக வேண்டும் என்று எவர் விதித்தார்? பாடத்திட்டம், அகராதி, மொழிபெயர்ப்பு, பேச்சை எழுத்தாக்கும் கணினித் தொழில்நுட்பம் ஆகிய எல்லாவற்றுக்கும் மொழியின் அமைப்பை அறிந்தவர் தேவை. கைப்பேசியிடம் ஆங்கிலத்தில் பேசினால் அது புரிந்துகொள்கிறது. நம் பாட்டி பேசும் தமிழில் பேசினால் திணறுகிறது. அக்குறையை எவர் நீக்குவார்? பாட்டியின் தமிழை அறிந்த பேரப்பிள்ளை அன்றோ!

ஓர் இடைக்குறிப்பு: ஆங்கிலம்

"ஆங்கிலம் மட்டும் இருந்தால் உலகம் திறக்கும்" என்று வீட்டில் தமிழைக் கைவிட்ட பெற்றோர் ஒன்றை அறியட்டும். பிரிட்டனின் குடிநுழைவுத் துறை வைத்திருக்கும் 'பெரும்பான்மையோர் ஆங்கிலம் பேசும் நாடுகள்' பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. ஆங்கிலவழிப் பட்டம் பெற்றவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் விலக்கு அளிக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் நம்மை எவ்வாறு வகைப்படுத்துகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மொழியியல் துறையின் விண்ணப்பக் குவியலில் ஆங்கிலம் அறிந்தவர் ஆயிரவர். எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ், ஆங்கிலம், கொஞ்சம் மலாய், காதில் விழும் மாண்டரின் என்று வளர்ந்தவர் எத்தனை பேர்? எதைச் சுமை என்று இறக்கி வைத்தோமோ அதுவே அங்கே மூலதனம்.

ஆசிரியர்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, பரிந்துரைக் கடிதம். பொதுவாக மூன்று கடிதங்கள் கேட்பார்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர்களே முதன்மையாக எழுதுவர். சில ஆண்டுகள் பணியாற்றியபின் விண்ணப்பிப்போர் மூன்றாம் கடிதத்திற்குத் தம் தமிழாசிரியரை நாடுவது உண்டு. "பணிவானவர், கடின உழைப்பாளி, நேரந்தவறாதவர்" என்ற நான்கு வரி நற்சான்றிதழால் ஒரு பயனும் இல்லை. அம்மாணவர் எந்தக் கேள்வியைக் கேட்டார், அதை எவ்வாறு பின்தொடர்ந்தார் என்று ஒரு நிகழ்வையேனும் எழுதுங்கள். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் முடிவடைகின்றன. ஆண்டிறுதி விடுமுறையில் தொலைபேசியை அணைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

இரண்டாவது, நோக்கவுரை. "சிறு வயது முதலே தமிழ் மீது பற்று" என்று தொடங்கும் கட்டுரை அங்கே எடுபடாது. எந்தச் சிக்கலை ஆராய விரும்புகிறேன், ஏன் இத்துறையில், எந்தப் பேராசிரியரின் ஆய்வோடு அது பொருந்துகிறது என்பதையே தேடுவர். அப்பேராசிரியர் தமிழறிஞராக இருக்க வேண்டியதில்லை. தொடரியலிலோ ஒலியியலிலோ இருமொழியத்திலோ நாட்டமுடையவராக இருந்தால் போதும். அத்துடன் ஓர் ஆய்வுக் கட்டுரையும் மாதிரியாக அனுப்ப வேண்டும். மனப்பாடம் செய்த கருத்துவிளக்கக் கட்டுரையால் அது நிரம்பாது.

மூன்றாவதே முதன்மையானது. வகுப்பில் "ஏன்?" என்ற கேள்விக்கு இடம் கொடுங்கள். "பசியாறியாச்சா?" என்று காலை உணவைப் பற்றி நாம் கேட்பது போலச் சென்னையில் கேட்பதில்லையே, ஏன் என்று ஒரு மாணவி வினவினால், "தேர்வுக்கு வராது" என்று அடக்காதீர்கள். உயர்நிலை ஒன்றில் அடக்கப்பட்ட கேள்வி பல்கலைக்கழகத்தில் தானாக முளைக்காது.

எது பணயம்?

சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. ஆட்சிமொழி என்ற தகுதி சட்டத்தில் நிலைக்கும். ஆனால் மலாயும் சீனமும் ஆங்கிலமும் உராய்ந்து இந்தத் தீவில் உருவான நம் பேச்சுத் தமிழ், பேசுவோரோடு மறையும். அதைக் கேட்டு, பதிந்து, விளக்கக்கூடிய காதுகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றன. அயலார் ஆய்வை நான் குறைத்து மதிக்கவில்லை; நன்றியுடன் படிக்கிறேன். ஆயினும் நம் வீட்டுப் பேச்சுக்கு இலக்கணம் எழுத எந்நாளும் பிறர் வரட்டும் என்று காத்திருப்பது மானமுள்ள சமூகத்திற்கு அழகன்று.

பெற்றோரே, அடுத்த முறை உங்கள் பிள்ளை "மொழியியல்" என்று சொன்னால், "எங்கே வேலை?" என்று கேட்பதற்கு முன், "எதை ஆராயப் போகிறாய்?" என்று கேளுங்கள். விடை தெளிவாக வந்தால், அருகில் அமர்ந்து கட்டணத்தையும் கடைசி நாளையும் குறிக்கத் தொடங்குங்கள்.