பெயரின் வால்

போன மாசியில் உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப்புழுவுக்கு மருந்து அடித்த என் சித்தப்பா, தலைசுற்றி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயில் எச்சில் ஒழுகியது. கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "என்ன மருந்தும்மா அடிச்சாரு?"

"உரக்கடையில குடுத்தது சார். பச்சை மூடி. டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்துவாரு" என்றார் சித்தி.

அறிகுறியைப் பார்த்தே அட்ரோபின் என்னும் முறிவு மருந்தைப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் தம்பி பைக்கில் போய் டப்பாவைக் கொண்டுவந்த பிறகுதான் டாக்டருக்குச் சந்தேகம் தீர்ந்தது. பொடி எழுத்தில் 'மோனோகுரோட்டோபாஸ்' என்றிருந்தது.

நம் சம்சாரிகள் அதை 'மோனோ' என்பார்கள். ஒரு காலத்தில் இதுவே நுவக்ரான். அப்பா தலைமுறைக்குப் பூச்சிமருந்து என்றாலே பாலிடால்தான். இவையெல்லாம் கம்பெனிகள் வைத்த பெயர்கள். கம்பெனி மாறினால் மாறிவிடும். மாறாதது பொதுப்பெயர். அதை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாமல் முடிவு செய்வது ஐஎஸ்ஓ என்னும் சர்வதேசத் தர அமைப்பின் 81ஆம் தொழில்நுட்பக் குழு.

மோனோகுரோட்டோபாஸ் என்ற பொதுப்பெயரும் வாய்க்கு வந்தபடி வைத்ததல்ல. 'மோனோ' என்றால் ஒன்று: மூலக்கூறின் நைட்ரஜனில் ஒரே ஒரு மெத்தில் தொகுதி ஒட்டியிருக்கிறது. அது இரண்டானால் டைகுரோட்டோபாஸ் என்ற வேறொரு நஞ்சு. கடைசியில் வரும் 'பாஸ்' பாஸ்பரஸைக் குறிக்கிறது. நரம்பைத் தாக்கும் கூட்டம் அது. குளோர்பைரிபாஸும் புரோபெனோபாஸும் அதே குடும்பம். சைபர்மெத்ரின் போல 'த்ரின்' என முடிந்தால், சாமந்தி இனப் பூவில் கிடைக்கும் பைரெத்ரினைப் பார்த்துச் செய்தது. அதற்கு அட்ரோபின் முறிவு மருந்து அல்ல. எல்லாப் பெயரும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. டைமெத்தோயேட்டும் பாஸ்பரஸ் குடும்பம்தான், பெயரைப் பார்த்தால் தெரியாது. ஆனாலும் பெரும்பாலும் சேதி வாலில் இருக்கிறது. நாம் அந்த வாலை வெட்டிவிட்டு 'மோனோ'வை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அந்த 'மோனோ' எவ்வளவு கொடியது தெரியுமா? 2013இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்களே, சமையல் எண்ணெயில் கலந்திருந்தது இதே மோனோகுரோட்டோபாஸ்தான்.

ஆகவே, டப்பாவில் கம்பெனிப் பெயர் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் பொதுப்பெயரையும் தமிழில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். அதுவரை, மருந்து அடிக்கும் வீட்டில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். டப்பாவின் லேபிளை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். யாருக்காவது தலைசுற்றினால், அந்தப் படத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.